இடது முன் சில்லு

வாகனத் தொழில் படிப்பிக்கும் நிலையம் ஒன்றிலிருந்து இரண்டு இளம் ஆசிரியர்கள் போன மாதம் பண்டத்தரிப்பில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். காரின் பிரேக்கைப் பெரிதாக்குவது பற்றி மாணவர்களுக்கு ஒரு கைநூல் போடுகிறார்களாம். வாழ்நாள் முழுவதும் பிரேக் வேலை மட்டும் செய்த ஆள் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். "பெரிய டிஸ்க் போட்டு உசாராய் ஓடுற பெடியள் கூடிப்போச்சினம் ஐயா. நீங்கள் செய்ததை எழுதித் தந்தால் எங்களுக்குப் பெரிய உதவி" என்றார் ஒருவர்.

போன வருடம் கேட்டிருந்தால் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பியிருப்பேன். ஏனென்றால் நான் எழுதுவதை வாசிக்கவோ, வாசித்தவர் சொல்லிக் கேட்கவோ கூடாத ஒரு மனிதர் அப்போது இருந்தார். இந்த வருடம் தவக்காலத்தில் அவர் காலமாகிவிட்டார். இனி எழுதலாம்.

நான் தொழில் பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு ஏறாது என்று தெரிந்ததும் அப்பா பஸ் டிப்போவில் சேர்த்துவிட்டார். அங்கே பிரேக் பகுதிக்குப் போட்டார்கள். சண்டைக் காலத்தில் பிரேக் ஒயில் கிடைக்காமல் ஆமணக்கெண்ணெயை ஸ்பிரிட்டில் கலந்து ஊற்றியதும், மண்ணெண்ணெயில் கார் ஓடியதும் ஆளாளுக்குச் சொல்லிப் புளித்துப்போன கதைகள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆனால் எங்கள் போமன், அதாவது மேற்பார்வையாளர், கனகசபையை விட முடியாது. டிப்போ முழுவதும் கறுத்த உடுப்போடு திரிய, அவர் மட்டும் வெள்ளைச் சேட்டோடு வருவார். பின்னேரம் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போவார். சத்தம் போட மாட்டார், ஏச மாட்டார். அவருடைய மரியாதைதான் எங்களுக்குப் பயம். சில்லில் உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் லைனிங்கைத் தொடுவதற்கு முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி அவருக்கு முன்னால் நீட்ட வேண்டும். குனிந்து மணந்து பார்ப்பார். "கிறீஸ் மணக்குது. திரும்பக் கழுவிப்போட்டு வாரும்" என்பார். ஒரு முறை என் சேட்டுக் கையிலிருந்து ஒரு சொட்டு ஒயில் புது லைனிங்கில் விழுந்துவிட்டது. துடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல மூடிவிட்டேன். எப்படிக் கண்டாரோ, முழுவதையும் கழற்ற வைத்தார். அந்த லைனிங்கை எடுத்து என் கையில் தந்து, "இதை உம்மடை வீட்டை கொண்டுபோய் வையும். சனம் ஏறுற பஸ்ஸிலை போட ஏலாது" என்றார். புது லைனிங்குக்கு மாதக்கணக்கில் தவம் கிடந்த காலம் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேலை முடிந்த பஸ்ஸை ரோட்டில் சோதிக்கும் விதமும் அவருக்கே உரியது. சீற்றில் இருக்க மாட்டார். பஸ்ஸின் நடுவில் கம்பி எதையும் பிடிக்காமல் காலை அகட்டி நிற்பார். சாரதி நாற்பதில் வந்து பிரேக்கை அமத்த வேண்டும். முன்னுக்குச் சாய்ந்தால் பேசாமல் இருப்பார். ஒரு காலில் மட்டும் பாரம் ஏறினால், "வலப்பக்கம் இழுக்குது. இடது சில்லைக் கழட்டுங்கோ" என்பார். வண்டி வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கச் சில்லு பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிரேக் எல்லாச் சில்லிலும் குறைவாகப் பிடித்தால் வண்டி தள்ளிப்போய் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி ரோட்டில் நிற்காது. இந்த ஒன்றை அவர் எனக்கு ஆயிரம் தடவை காட்டியிருப்பார்.

டிப்போவிலிருந்து ஓய்வு பெற்ற பின் மானிப்பாயில் சின்னதாக ஒரு கராஜ் போட்டேன். அங்கும் பிரேக் வேலை மட்டும்தான். எஞ்சின் சத்தம் சரியில்லை என்று வருபவர்களைப் பக்கத்துக் கராஜுக்கு அனுப்பிவிடுவேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை.

அமலன் அங்கேதான் வந்தான். குருநகர்ப் பெடியன், இருபத்தாறு வயது, ரவுணில் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். தாய் இல்லை. தகப்பன் அந்தோனிப்பிள்ளை கடல் தொழில், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீட்டில் அவர்கள் இருவர் மட்டும். பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கிப் பிள்ளையைப் போல வைத்திருந்தான். வெள்ளிக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டுப் பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறை வரை ஒரு ஓட்டம் ஓடி வருவானாம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நேர் ரோட்டு, அவனுக்கு அதுதான் சந்தோசம்.

"அங்கிள், ஓடுறது எனக்குப் பயமில்லை. நிப்பாட்டுறதுதான் பயம்" என்றான். "மூண்டு தரம் இறுக்கி அமத்தினால் நாலாம் தரம் பெடல் பஞ்சு மாதிரிப் போகுது."

பக்கத்தில் இருந்து ஒரு தடவை போய்ப் பார்த்தேன். நல்ல ஓட்டம். ஆடு மாட்டைத் தூரத்திலேயே கண்டு காலை எடுப்பான், சைக்கிள்காரருக்கு இடம் விடுவான். கார்தான் அவனுடைய ஓட்டத்துக்குப் போதாமல் இருந்தது. சில்லோடு சுற்றும் டிஸ்க், அந்தச் சின்னத் தட்டு, சூடேறிப் பிடிக்க மறுத்தது. அதே காரின் பெரிய மாடலுக்கு வரும் கலிப்பரை, அதாவது தட்டை இரண்டு பக்கமும் நெரித்துப் பிடிக்கும் கவ்வியை, கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் கடையில் எடுத்து வந்தான். தட்டுகளும், கவ்விக்குள் இருந்து தட்டில் உரசும் பிரேக் கட்டைகளும் பெட்டி உடைக்காத புதுசு.

அந்த வேலையை நான் ஒரு கிழமை செய்தேன். கலிப்பர்களை முழுதாகப் பிரித்து இரப்பர்களை மாற்றினேன். பெரிய தட்டுக்குப் பழைய ரிம் போதாது, ஓர் அங்குலம் பெரிய ரிம் போட்டோம். சில்லுக்கும் கலிப்பருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க, வீட்டில் ரொட்டிக்குக் குழைத்த மாவில் ஒரு கிள்ளு எடுத்து வந்து கலிப்பரில் ஒட்டிச் சில்லைச் சுற்றிவிட்டேன். வழித்தது போக மிஞ்சிய மாவின் தடிப்புத்தான் இடைவெளி. மனைவி கண்டுவிட்டு, "ரொட்டியையும் உங்கை கொண்டுபோய்ச் சுடுங்கோ" என்றாள். இரப்பர்க் குழாய்களை எடுத்துவிட்டு உருக்குப் பின்னல் குழாய் பூட்டினேன். முன் பிடி கூடினால் பின் பிடி குறைந்தது போலாகும், அதனால் பின்பக்க ட்ரம் பிரேக்கையும் திறந்து சரிபார்த்தேன். கடைசியாகப் பிரேக் குழாய்களில் அடைபட்ட காற்றை எடுத்தோம். பெடலிலிருந்து ஆகத் தூரத்தில் இருப்பது இடது பின் சில்லு, அங்கே தொடங்கிக் கிட்ட வர வேண்டும். நான் கீழே படுத்துக்கொண்டு "அமத்து, பிடி, விடு" என்பேன். அமலன் மேலே இருந்து சொன்னபடி செய்வான். அவனுக்கு அவசரமே இல்லை. அப்படிப்பட்ட வாடிக்கையாளர் எனக்குக் குறைவு.

தட்டுப் பூட்டும் நாளில் அந்தோனி அண்ணையும் சைக்கிளில் வந்திருந்தார். புதுத் தட்டு பெட்டியிலிருந்து வரும்போது கறள் பிடித்துத் துருவேறாமல் எண்ணெய் பூசித்தான் வரும். அதை ஸ்பிரிட்டால் துடைத்து, பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் குந்தி இருந்து பார்த்தார். பெருவிரலால் தட்டைத் தடவினார்.

"கொம்பனிக்காரன் பூசிவிட்ட எண்ணெயை ஏன் தம்பி கழுவுறீர்? எங்கடை பக்கத்து உப்புக் காத்துக்கு ஒரு ராத்திரியிலை கறள் பிடிக்குமே."

நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒரு வரி. இந்தத் தட்டு வெறும் இரும்பாகத்தான் இருக்க வேண்டும், கறள் பிடித்தால் முதல் இரண்டு தரம் அமத்தும்போதே தானாகப் போய்விடும், எண்ணெய் பட்டால் பிரேக் இல்லை. அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன்?

"அண்ணை, உது உங்கடை வள்ளத்து எஞ்சின் இல்லை. உதை நாங்கள் பாக்கிறம், நீங்கள் கடலைப் பாருங்கோ."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிரேக்கில் எண்ணெய் படக்கூடாது என்பது என் கைக்கும் மூக்குக்கும் அவ்வளவு பழகிப்போயிருந்தது. உலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும் என்று நினைத்துவிட்டேன். அவருடைய தொழிலில் எண்ணெய் பூசாத இரும்பு ஒரு மாதம் தாங்காது. நங்கூரம், எஞ்சின், கத்தி என்று எதைக் கண்டாலும் சுறா எண்ணெய்த் தகரப் பேணியை எடுக்கும் கை அது.

வெள்ளி பின்னேரம் காரைக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் நானே ஓடிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒத்துப் பிடித்தது. அமலனுக்குப் படிப்படியாகச் சொன்னேன். புதுக் கட்டையும் தட்டும் ஒன்றோடொன்று பழக வேண்டும். ஆள் இல்லாத நேர் ரோட்டில் அறுபதில் போய், நிற்காமல் வேகம் பத்துக்கு இறங்கும் வரை அமத்து. பத்துத் தரம். பிறகு பிரேக்கைத் தொடாமல் ஆறவிட்டு ஓடு. அது வரைக்கும் பிடி கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், பயப்படாதே. இந்தக் கடைசி வசனத்தை நான் சொன்னேன். சொல்லத்தான் வேண்டும், எல்லோரும் சொல்வார்கள். 

ஞாயிறு காலை எங்கள் ஆராதனைக்குப் போய் ஆலயப் படியில் ஏறும்போது போன் அடித்தது. அமலன்.

"அங்கிள், பாலத்திலை நிக்கிறன். ரெண்டு தரம் மெதுவாய் அமத்திப் பாத்தன். பிடி குறைவாய்க் கிடக்கு."

உள்ளே முதல் பாட்டு தொடங்கிவிட்டது. "அப்பிடித்தான் இருக்கும். நான் சொன்னபடி செய்து முடி" என்று சொல்லிவிட்டுப் போனை நிறுத்தினேன். ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கேட்கவில்லை. கனகசபையிடம் பழகியவன் நான். அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

ஆராதனை முடியும் முன்னே செய்தி வந்துவிட்டது. கார் வலப்பக்கம் இழுத்து, ரோட்டைக் குறுக்கே கடந்து, கல்லில் மோதிக் கடலுக்குள் கவிழ்ந்துவிட்டது. அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். ஆனாலும் தலைகீழாய்க் கிடந்த காரைப் புரட்ட ஆட்கள் சேர்வதற்குள் அமலன் போய்விட்டான்.

மறுநாள் பொலிஸ் வளவில் பரிசோதகர் காரைப் பார்க்கும்போது, பூட்டியவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். வலது சில்லைக் கழற்றினோம். தட்டுச் சுத்தம், கட்டை சுத்தம். இடது முன் சில்லைக் கழற்றியதும் எனக்குப் பார்க்க வேண்டியே இருக்கவில்லை. கடல் தண்ணீரில் கிடந்த பிறகும் அந்த மணம் போகவில்லை. சுறா எண்ணெய். தட்டில் மண்ணிறமாக எரிந்து ஒட்டியிருந்தது. வெளிப்பக்கம் பூசியது சூட்டில் இளகி உள்பக்கமும் போய், கட்டைகள் ஊறிக் கிடந்தன. பரிசோதகர் வெளியூர்க்காரர். "சீல் கசிஞ்சு பிரேக் ஒயில் பட்டிருக்கு" என்று எழுதிக்கொண்டார். சீல் என்றால் நான் மாற்றிய கலிப்பர் இரப்பர், அது கசிந்தால் பூட்டியவனுடைய பிழை. நான் மறுத்துப் பேசவில்லை. அந்தக் கடதாசி பொலிஸ் கோப்புக்குள்ளேயே கிடந்தது, ஊருக்கு வரவில்லை.

செத்த வீட்டில்தான் மிச்சம் விளங்கியது. கார் வழக்கமாக நிற்கும் இடத்தில் வலப்பக்கச் சில்லின் தடம் மதிலோடு ஒட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் ஒரு கை போகாது. இடப்பக்கம் நல்ல வெளி. மதிலுக்கு மேல் எண்ணெய்ப் பேணியும், நுனியில் சீலை சுற்றிய ஒரு தடியும் இருந்தன. சனி விடிய அந்த மனிதர் மகனின் புதுத் தட்டில் கறளைக் கண்டிருப்பார். பெடியன் பாடுபட்டு வாங்கியது பழுதாகிறதே என்று, ரிம்மின் கம்பிகளுக்கு நடுவால் தடியை விட்டுப் பூசியிருப்பார். உள்ளே அவர் சவப்பெட்டியின் தலைமாட்டில் இருந்துகொண்டு மகனுடைய தலைமயிரைத் தடவிக்கொண்டிருந்தார். பேணியைத் தூக்கி எறிவோமா என்று நினைத்தேன். எறிந்தால் தேடுவார் என்று அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு கராஜுக்கு வந்தார். குருநகரிலிருந்து மானிப்பாய்க்கு அதே சைக்கிளில். கதிரை கொடுத்தேன், இருக்கவில்லை.

"தம்பி, சனம் கதைக்குது அவன் பறந்தவன் எண்டு. கோயிலிலையும் கதைக்கினம். உமக்குத்தான் தெரியும். என்ரை பிள்ளை ஓட்டத்தாலை போனவனோ, இல்லாட்டி வேறை பிழையோ? எனக்கு உண்மையைச் சொல்லும்."

உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் அன்றே செத்துவிடுவார். தெரியாது என்று சொன்னால் அமலன் வேகத்தில் செத்தவனாகவே இருப்பான். இரண்டையும் என்னால் செய்ய முடியவில்லை.

"அவன் பறக்கேல்லை அண்ணை. அறுபதுக்கு மேலை போயிருக்க மாட்டான். நான் சொல்லிக் குடுத்ததைத்தான் செய்தவன். ஒரு சில்லிலை பிடி இல்லை. அவன் போன் எடுத்துச் சொன்னவன், நான்தான் விசாரிக்காமல் செய் எண்டு சொல்லிப்போட்டன். பிழை என்னிலை."

ஒரு சொல்லும் பொய் இல்லை. ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். அவர் ஒரு எட்டுக் கிட்ட வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"சொன்னீரே, அது காணும்" என்றார். "அவன் பறக்கேல்லை."

அதைக் குருநகர் முழுவதும் சொன்னார். கரையில், சந்தையில், கோயில் வாசலில், "பிரேக்கிலைதான் பிழை, பூட்டினவரே ஒத்துக்கொண்டவர், என்ரை பிள்ளை ஆறுதலாய்த்தான் போனவன்" என்று ஆளைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். சனத்துக்கு அமலனைப் பற்றிய கதை மாறியது. என் கராஜுக்கு வருபவர்கள் குறைந்தார்கள். மூன்று மாதத்தில் பூட்டிவிட்டேன். அதில் எனக்குக் கவலை இல்லை என்று எழுதினால் பொய். ஊரில் பிரேக் என்றால் என் பெயரைச் சொல்லிய காலம் ஒன்று இருந்தது. ஆனால் அந்த ஆலயப் படியில் நின்ற என்னை நினைத்தால், அந்தப் பெயரை வைத்திருக்க எனக்கும் மனம் வரவில்லை.

கைநூல் எழுதும் பிள்ளைகளே, ரிம் அளவையும் கலிப்பரையும் எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். காரைக் கொடுக்கும் நாளில் ஓட்டுபவனோடு மட்டும் கதைத்துவிட்டு அனுப்பாதீர்கள். அந்த வீட்டில் காரைத் துடைக்கிறவர், கழுவுகிறவர், சும்மா சுற்றிப் பார்க்கிறவர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கேட்பவர் எதைக் கேட்டாலும் பகிடி விட்டுச் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கைநூலில் இருக்க வேண்டியது இதுதான்.

அந்தோனி அண்ணை என்னை விடவில்லை. இரண்டு கிழமைக்கு ஒரு முறை சனிக்கிழமைகளில் பண்டத்தரிப்புக்கே மீன் கொண்டு வருவார். ஒட்டியோ விளைமீனோ, அன்று பட்டதில் நல்லது. வேண்டாம் என்றால், "கோவம் இல்லை எண்டு உமக்கு வேறை எப்பிடிக் காட்டுறது?" என்பார். மனைவி அதைச் சமைப்பாள். என்னால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. எனக்கு மீன் ஒத்துவரவில்லை என்று அவள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் நான் சொல்லவில்லை.

கடைசியாக வந்தது நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு. நெஞ்சு வருத்தம் முற்றிச் சைக்கிள் ஓட முடியாமல் ஓட்டோவில் வந்தார். கையில் மீன் இல்லை. அதற்காக முதலில் மன்னிப்புக் கேட்டார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்தபின் பேணியைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார்.

"தம்பி, ஒரு விசயம் கன நாளாய் மனசுக்குள்ளை கிடக்கு. ஆருக்கும் சொல்லேல்லை. குருவானவருக்கும் சொல்லேல்லை."

"சொல்லுங்கோ அண்ணை."

"அண்டைக்குச் சனி விடியப் பாக்கிறன், புதுத் தட்டு ரெண்டும் கறள். இடப்பக்கத்துக்குச் சுறா எண்ணெய் பூசிவிட்டனான், வடிவாய், ஒரு இடம் விடாமல். வலப்பக்கம் மதிலோடை நெருக்கி விட்டிருந்தவன், கை போகேல்லை. அவன் வந்து எடுத்தாப்போலை பூசுவம் எண்டு விட்டன், பிறகு மறந்துபோனன். கறள் பிடிச்ச பக்கந்தானே வலப்பக்கம். கார் இழுத்ததும் வலப்பக்கந்தானே. நான் பூசாமல் விட்டதாலை வந்ததோ தம்பி? நீர் எனக்காகப் பழியைத் தூக்கினீரோ?"

அவருடைய கண் என் முகத்தை விட்டு அசையவில்லை. இந்த ஒரு கேள்விக்காவது உண்மையையே பதிலாகச் சொல்ல முடிந்தது.

"இல்லை அண்ணை. வலப்பக்கத்தாலை ஒரு பிழையும் வரேல்லை. சத்தியமாய்ச் சொல்லுறன். நான் கழட்டிப் பாத்தனான், அந்தப் பக்கம் நல்லாய் இருந்தது."

மூச்சை விட்டார். தோள் இரண்டும் இறங்கின. பேணியைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ சின்ன விசயம் கேட்பது போலக் கேட்டார்.

"அப்ப நான் எண்ணெய் பூசின பக்கம்?"

"அதுவும் நல்லாய்த்தான் இருந்தது அண்ணை. கறளே இல்லை."

அவர் சிரித்தார். அமலன் போன பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு அது.

"அப்ப நான் செய்ததிலை ஒண்டாவது என்ரை பிள்ளைக்கு உதவியிருக்கு" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன்.